வித்துராவில் சொந்தப் பறவை, லண்டனில் அயல் பறவை: பச்சைக்கிளி உலகைச் சுற்றியது எப்படி?

வித்துரா (திருவனந்தபுரம்): பொன்முடி மலைச்சாலையின் அடிவாரத்தில், திருவனந்தபுரம் நகரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சிற்றூர் வித்துரா. பொழுது சாயும் வேளையில் தென்னந்தோப்புகளுக்கு மேலே பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு ஒரே திசையில் விரைவதை இப்பகுதியினர் அன்றாடம் காண்கின்றனர். ஒருவரும் நின்று பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிய காட்சி அது.

இதே பறவை, இதே குரலுடன் லண்டன் நகரின் கென்சிங்டன் தோட்டத்திலும் பிரஸ்ஸல்ஸ் நகரப் பூங்காக்களிலும் மாலைதோறும் பறக்கிறது. அங்கே அது அயல் இனம். அதன் எண்ணிக்கையைக் கணக்கெடுக்கவும், அதனால் உள்ளூர்ப் பறவைகளுக்கு நேரும் இழப்பை அளக்கவும் ஆய்வுக் குழுக்கள் அமைக்கப்பட்டுள்ளன. சில தீவுகளில் அது முற்றாக ஒழிக்கப்பட வேண்டிய பறவையாக அறிவிக்கப்பட்டது. ஓரிடத்தில் சட்டத்தால் காக்கப்படும் பறவை, மற்றோரிடத்தில் சுட்டு வீழ்த்தப்படும் பறவையாக மாறியது எவ்வாறு என்பதற்கான விடையின் பெரும்பகுதி, இந்தியக் கிராமங்களில் அது மனிதர்களோடு வாழப் பழகிய வாழ்க்கையில் உள்ளது.

வித்துராவின் நால்வகைக் கிளிகள்

வித்துராவைச் சுற்றியுள்ள நிலம் கிளிகளுக்கு ஏற்றது. ஒருபுறம் ரப்பர், தென்னை, கமுகு, மரவள்ளி பயிராகும் குடியிருப்பு நிலங்கள். மறுபுறம் 1983ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்ட பேப்பாறை வனவிலங்குச் சரணாலயம். அதற்கு அப்பால் தமிழ்நாட்டுக்குள்ளும் விரியும் அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம். இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் திருவனந்தபுரம் வளாகம் அமைந்திருப்பதும் இவ்வூரில்தான்.

காட்டிலிருந்து வீட்டுத் தோட்டம் வரையிலான இச்சரிவில் நான்கு வகைக் கிளிகள் வாழ்கின்றன. கழுத்தில் ரோசா நிற வளையம் கொண்ட செந்தார்ப் பைங்கிளியே பொதுவாகப் பச்சைக்கிளி எனப்படுவது; மலையாளத்தில் இதற்கு நாட்டுத்தத்த என்று பெயர். ஆண் பறவையின் தலை செந்நீலமாகத் தோன்றும் பூந்தத்த இலையுதிர் காடுகளின் ஓரத்தில் திரிவது. நீலத்தத்த எனப்படும் மலபார்க் கிளி மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாகக் காணப்படாதது. நான்காவது, சிட்டுக்குருவி அளவே உள்ள தத்தச்சின்னன். வௌவாலைப் போலத் தலைகீழாகத் தொங்கியபடி உறங்கும் இச்சிறு கிளி, மரமேறிகள் தென்னையில் கட்டிய கலயத்திலிருந்து கள்ளைக் குடித்து மயங்கிக் கிடப்பதும் உண்டெனப் பறவை நூல்கள் பதிவு செய்துள்ளன. (மலையாளத்தில் 'கிளி' என்றால் பொதுவாகச் சிறு பறவை. கிளியைக் குறிக்கத் 'தத்தை' என்னும் பழந்தமிழ்ச் சொல்லே 'தத்த' என இன்றும் அங்கே வழங்குகிறது.)

இந்நான்கில் உலகெங்கும் குடியேறியது நாட்டுத்தத்த ஒன்றுதான். காட்டு மரங்களையே நம்பி வாழும் மலபார்க் கிளியோ, பூந்தேனையும் மென்கனிகளையும் நாடும் தத்தச்சின்னனோ வெளிநாட்டு நகரம் எதிலும் இவ்வாறு பெருகவில்லை. அழகு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் பூந்தத்தயும் மலபார்க் கிளியும் முந்தியிருக்க வேண்டும்.

கூண்டில் போன பறவை

செந்தார்ப் பைங்கிளிக்கு இத்தாலிய இயற்கையியலாளர் ஸ்கோபோலி 1769இல் அறிவியல் பெயர் சூட்டினார். இது ஆசியா, ஆப்பிரிக்கா என இரு கண்டங்களுக்கும் உரிய பறவை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே உள்ள பகுதியில் இரண்டு துணையினங்களும், இந்தியத் துணைக்கண்டத்தில் இரண்டு துணையினங்களும் உள்ளன. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது ஒன்று; பாகிஸ்தான், வட இந்தியா, நேபாளம், வங்கதேசம் ஆகிய பகுதிகளில் வாழ்வது மற்றொன்று.

பேசப் பழக்கலாம் என்பதால் கிரேக்கர் காலந்தொட்டே இந்தியக் கிளிகளுக்கு மேற்கே மதிப்பிருந்தது. ஆயினும் ஒரு நாட்டில் தானாகப் பெருகும் அளவுக்கு அவை தப்பிச் சென்றது விமானப் போக்குவரத்து வளர்ந்த இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1984 முதல் 2007 வரை மட்டும் ஐரோப்பாவுக்குள் சுமார் 1,46,000 செந்தார்ப் பைங்கிளிகள் இறக்குமதி செய்யப்பட்டதாக வணிகப் பதிவுகள் காட்டுகின்றன. பறவைக் காய்ச்சல் அச்சத்தால் 2005இல் தற்காலிகமாகத் தடுக்கப்பட்ட காட்டுப் பறவை இறக்குமதியை, ஐரோப்பிய ஒன்றியம் 2007இல் நிரந்தரமாகத் தடை செய்தது. அதற்குள் பறவைகள் கூண்டைவிட்டு வெளியேறியிருந்தன.

ஐரோப்பியக் கிளிகளின் மரபணுவை, அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பறவை மாதிரிகளுடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 2015இல் வெளியானது. அவற்றின் மூதாதையர் பெரும்பாலும் பாகிஸ்தானையும் வட இந்தியாவையும் சேர்ந்தவை என்று அது கண்டறிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்தும் கிளிகள் இறக்குமதியாகியிருந்தபோதிலும், நிலைத்துப் பெருகியது ஆசியக் கிளையே. வட இந்தியக் குளிரைத் தாங்கிப் பழகிய துணையினம் ஐரோப்பியக் குளிர்காலத்தையும் தாங்கியதில் வியப்பில்லை. ஆகவே, லண்டன் கிளியை வித்துராக் கிளியின் நேரடி வாரிசு எனச் சொல்ல முடியாது. ஒரே இனத்தின் வடக்குக் கிளை அது.

பிரிட்டனில் இப்பறவை வந்த கதையைச் சுற்றி வேடிக்கையான வதந்திகள் உண்டு. 1951இல் வெளியான 'தி ஆப்பிரிக்கன் குவீன்' திரைப்படத்தின் படப்பிடிப்பில் பயன்படுத்திய பறவைகள் தப்பின என்பது ஒன்று. இசைக்கலைஞர் ஜிமி ஹென்றிக்ஸ் லண்டன் தெருவில் ஓர் இணையைப் பறக்கவிட்டார் என்பது மற்றொன்று. குற்றவாளிகளின் இருப்பிடத்தைக் கண்டறியக் காவல்துறை பயன்படுத்தும் புவியியல் கணிப்பு முறையை லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இக்கிளிகளின் பதிவுகள் மீது செலுத்திப் பார்த்தனர். 2019இல் வெளியான அவர்களது முடிவு இரு கதைகளையும் ஆதரிக்கவில்லை. பல இடங்களில், பல காலங்களில், சிறு எண்ணிக்கையில் நடந்த தப்புதல்களே காரணமாக இருக்கக்கூடும் என்றது அது. கிளிகளால் பரவும் காய்ச்சல் பற்றிய செய்தி நாளேடுகளில் வந்த காலங்களில், அஞ்சிய உரிமையாளர்கள் தம் பறவைகளைத் திறந்துவிட்டிருக்கலாம் என்பதையும் அவ்வாய்வு சுட்டிக்காட்டியது. பிரிட்டனில் இப்பறவை காட்டுநிலையில் குஞ்சு பொரித்தது 1969இல், கென்ட் பகுதியில் பதிவாயிற்று.

பிரஸ்ஸல்ஸில் நிகழ்ந்தது தற்செயலன்று. 1974இல் அங்கிருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் நிர்வாகம், நகருக்கு வண்ணம் சேர்க்கும் எண்ணத்துடன் சுமார் 40 கிளிகளை வேண்டுமென்றே விடுவித்தது. இன்று அந்நகரில் அவை ஆயிரக்கணக்கில் உள்ளன. 2015 அளவில் ஐரோப்பா முழுவதும் 85,000க்கும் மேற்பட்ட செந்தார்ப் பைங்கிளிகள் இருப்பதாகக் கணக்கிடப்பட்டது. உலகளவில் 35க்கும் மேற்பட்ட நாடுகளில் இப்பறவை குடியேறியுள்ளது.

ஊர் கற்றுத் தந்த வாழ்க்கை

கூண்டிலிருந்து தப்பும் பறவைகளில் பெரும்பாலானவை சில வாரங்களில் இறந்துவிடும். பிழைத்தவை இனம் பெருக்குவது அரிது. செந்தார்ப் பைங்கிளி பெருகியதற்குத் தட்பவெப்பம் மட்டும் காரணமன்று என்பதை 2015இல் வெளியான மற்றோர் ஆய்வு விளக்கியது. தாயகத்தில் இப்பறவை எங்கெல்லாம் மனிதர்களின் வயல், தோப்பு, குடியிருப்புகளைச் சார்ந்து வாழ்ந்ததோ, அந்தப் பழக்கமே ஐரோப்பிய நகரங்களில் அதன் வெற்றிக்கு அடித்தளமானது என்பது அதன் சாரம். இந்தியக் கிராமத்தில் மனிதனை ஒட்டி வாழக் கற்ற பறவைக்கு லண்டன் மற்றொரு கிராமமாகவே அமைந்தது எனலாம்.

கேரளத்து ஊரில் அப்பறவை வாழும் முறையைக் கவனித்தால் இது தெளிவாகும். முதலில் அதன் உணவு. நெல், சோளம், சூரியகாந்தி, கொய்யா, மிளகாய், புளி, இலவம் பூவின் தேன், இளம் மொட்டுகள் என எதையும் அது விலக்குவதில்லை. தின்பதைவிட வீணாக்குவது அதிகம். கதிரைக் கொத்தாகக் கத்தரித்து, ஒரு காலால் பிடித்துச் சில மணிகளைத் தின்றுவிட்டு எஞ்சியதைக் கீழே போட்டுவிடும். விதைக்கும் விளைச்சலுக்கும் இடையே கிளியை விரட்டுவது நம் நாட்டில் பழந்தமிழ்ப் பாடல்கள் பேசும் அளவுக்குப் பழைய வேலை. இப்படிப்பட்ட பறவைக்கு, குளிர்காலத்தில் வீட்டுத் தோட்டங்களில் கடலையும் விதையும் நிரப்பித் தொங்கவிடும் ஐரோப்பியர்களின் பழக்கம் பெருங்கொடையாயிற்று.

அடுத்தது உறைவிடம். கிளி கூடு கட்டுவதில்லை, பொந்தில் முட்டையிடும். பொந்தையும் பெரும்பாலும் தானாகத் தொடங்குவதில்லை. மரங்கொத்தியோ குக்குறுவானோ குடைந்து கைவிட்ட துளையை அலகால் அகலமாக்கிக்கொள்ளும். கேரளத்தில் மண்டை பட்டுப்போய் மொட்டையாக நிற்கும் தென்னைகள் இதற்கு உகந்தவை. பழைய கட்டடங்களின் சுவர் ஓட்டைகளும் பயன்படும். லண்டன், பிரஸ்ஸல்ஸ் பூங்காக்களில் நூறாண்டு கடந்த மரங்களும் அவற்றில் மரங்கொத்திகள் இட்ட துளைகளும் ஏராளம்.

இனப்பெருக்கக் காலத்திலும் இக்கிளி தனித்து விலகுவதில்லை என்பது இதன் சமூக வாழ்வில் கவனிக்கத்தக்கது. பல பறவைகள் தாம் இரை தேடும் நிலப்பரப்பு முழுவதையும் உரிமையாக்கிக்கொண்டு மற்ற இணைகளை விரட்டும். கிளி காப்பது தன் பொந்தின் வாயை மட்டுமே. இதனால் ஒரே மரத்தில், ஒரே தோப்பில் பல இணைகள் அருகருகே குஞ்சு பொரிக்க முடிகிறது. ஒரு பூங்காவில் பொந்துகள் எத்தனையோ, அத்தனை குடும்பங்கள் நெருங்கி வாழலாம்.

இணைக்குள் மேலாதிக்கம் பெண்ணுக்கே. கழுத்து வளையம் ஆணுக்கு மட்டும், அதுவும் ஏறத்தாழ மூன்றாம் வயதில்தான் முழுமையாகத் தோன்றும். பெண் அணுகினால் ஆண் ஒதுங்கும். இனப்பெருக்கப் பருவத்தில் தலையசைத்தும், இறக்கையை லேசாக விரித்தும், கக்கிய உணவை ஊட்டியும் அதன் இசைவைப் பெற வேண்டும். மூன்று அல்லது நான்கு முட்டைகளை மூன்று வாரங்களுக்குச் சற்று மேலாகப் பெண்ணே அடைகாக்கும். அக்காலத்தில் ஆண் அதற்கு இரை கொண்டுவந்து தரும். குஞ்சுகள் பொந்தைவிட்டு வெளிவர மேலும் ஆறேழு வாரங்கள் ஆகும்.

குஞ்சு வளர்ப்பில் ஈடுபடாத பறவைகள் அனைத்தும் இரவில் குறிப்பிட்ட சில மரங்களில் ஒன்றுகூடி அடையும். மைனாக்களும் காகங்களும் அதே மரங்களைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து அவை நாள்தோறும் ஏறத்தாழ ஒரே வான்வழியில் வந்துசேரும். வித்துராவில் மாலையில் தென்படும் பறத்தலும் இத்தகையதே. லண்டனுக்குத் தென்மேற்கே ஈஷர் என்னும் ஊரில் ஒரு ரக்பி விளையாட்டுச் சங்கத்தின் மரங்களில் ஒருகாலத்தில் சுமார் 7,000 கிளிகள் அடைந்தன. இவ்வாறு கூடுவது ஏன்? பல கண்கள் விழித்திருந்தால் பருந்தையும் ஆந்தையையும் முன்கூட்டியே அறியலாம் என்பது ஒரு விளக்கம். நேற்று நல்ல இரை கண்ட பறவையைப் பின்தொடர்ந்து இன்று மற்றவையும் அங்கே செல்ல முடியும் என்பது 1973இல் முன்வைக்கப்பட்ட மற்றொரு கருத்து. இரண்டும் ஒருசேர உண்மையாக இருப்பதற்குத் தடையேதுமில்லை. புதிய நகரில் தப்பிய சில கிளிகளுக்கு இப்பழக்கம் உயிர் காத்தது. எந்தத் தோட்டத்தில் தீனி தொங்குகிறது என்பதை ஒவ்வொன்றும் தனித்தனியே தேடிக் கண்டறிய வேண்டியிருக்கவில்லை.

சென்னை இராயப்பேட்டையில் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் ஒருவர் தம் வீட்டு மாடியில் வைத்த அரிசியைத் தேடி முதலில் ஓர் இணையும், சில ஆண்டுகளில் நாள்தோறும் ஆயிரக்கணக்கிலும் கிளிகள் வந்ததைப் பலர் நினைவுகூர்வர். லண்டன் தோட்டங்களில் நடந்ததும் அதுவே.

பொந்துக்கான போட்டி

இவ்வாறு பெருகிய பறவை பிறவற்றின் இடத்தைப் பறிக்கிறதா? இக்கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை வேறுபடுகிறது. இதைச் செய்திகள் பெரும்பாலும் மறைத்துவிடுகின்றன.

மிகத் தெளிவான சான்று ஸ்பெயினின் செவில் நகரிலிருந்து கிடைத்தது. அங்குள்ள மரியா லூயிசா பூங்காவின் மரப்பொந்துகளில் பெரும் நாக்டூல் எனப்படும் வௌவால்கள் வாழ்கின்றன. ஐரோப்பாவின் மிகப்பெரிய வௌவால் இனம் அது. உலகளவில் அழியும் அபாயத்துக்கு உள்ளாகக்கூடிய இனங்களில் ஒன்று. அவ்வினத்தின் பெரிய குடியிருப்புகளில் ஒன்றாக அப்பூங்கா விளங்கியது. 2003 முதல் 2017 வரையிலான 14 ஆண்டுகளில் அங்குக் கிளிகளின் எண்ணிக்கை 20 மடங்கு பெருக, வௌவால்கள் தங்கிய மரங்களின் எண்ணிக்கை 81 விழுக்காடு குறைந்தது. கிளிகள் பொந்துக்குள் இருந்த வௌவால்களை அலகால் தாக்குவதும், இறக்கை கிழிந்த வௌவால்கள் மரத்தடியில் இறந்து கிடப்பதும் நேரில் பதிவு செய்யப்பட்டன.

பெல்ஜியத்தில் ஆய்வாளர்கள் கிளிகள் பயன்படுத்திய பொந்துகளின் வாயை அடைத்துப் பார்த்தனர். இடமிழந்த கிளிகள், மரத்தண்டில் தலைகீழாக ஊர்ந்து இரை தேடும் நட்ஹாட்ச் என்னும் சிறு பறவையின் பொந்துகளைக் கைப்பற்றின. அச்சிறு பறவைகளின் எண்ணிக்கை அவ்விடங்களில் சரிந்தது. ஆனால் பிரிட்டனில் நாடளாவிய கணக்கெடுப்பை ஆராய்ந்த குழு, 2011இல், அத்தகைய சரிவு எதையும் அங்குக் காணவில்லை. பொந்துள்ள மரங்கள் போதிய அளவில் இருக்கும் இடத்தில் போட்டி கடுமையாவதில்லை என்பதே இவ்விரு முடிவுகளும் முரண்படாமல் பொருந்தும் வழி. இஸ்ரேலில் அந்நாட்டின் தேசியப் பறவையான கொண்டலாத்தியின் வீழ்ச்சியைக் கிளிகளின் பெருக்கத்துடன் தொடர்புபடுத்திய ஆய்வும் பொந்துப் போட்டியையே காரணமாகக் கூறியது.

லண்டன் பகுதியில் நடந்த சோதனை ஒன்று தீனிப் போட்டியை அளந்தது. தோட்டத்துத் தீனிக்கூண்டுக்கு அருகில் ஒருமுறை கூண்டிலடைத்த கிளியையும், மறுமுறை உள்ளூர் மரங்கொத்தியையும் வைத்துப் பார்த்தனர். கிளி இருந்தபோது சிறு குருவிகள் வருவது வெகுவாகக் குறைந்தது. எனினும் கிளிகள் ஏற்கெனவே பரவியிருந்த இடங்களில் குருவிகள் அவ்வளவாக அஞ்சவில்லை என்பதையும் அச்சோதனை காட்டியது. அயல் பறவைக்குப் பழகிக்கொள்வதும் உண்டு.

தீவுகளில் நிலைமை வேறு

தீவுகளில் பழகிக்கொள்ள அவகாசம் இருப்பதில்லை. மொரீசியசில் 1886 அளவில் செந்தார்ப் பைங்கிளி புகுந்தது. அத்தீவுக்கே உரிய எக்கோ கிளி அதன் நெருங்கிய உறவினம். காடழிப்பு, எலி, குரங்கு ஆகியவற்றுடன் பொந்துக்கான இப்புதிய போட்டியும் சேர்ந்துகொள்ள, 1980களில் எக்கோ கிளிகள் ஏறத்தாழ ஒரு டசன் மட்டுமே எஞ்சின. செயற்கைக் கூட்டுப்பெட்டிகள், குஞ்சுகளைக் கையில் வளர்த்துக் காட்டில் விடுதல் எனப் பல்லாண்டு உழைப்பால் அவ்வினம் நூற்றுக்கணக்கில் மீண்டது. இடையில் 2004-05இல் அலகு-இறகு நோய் எனப்படும் வைரஸ் நோய் பரவி அம்முயற்சியைப் பின்னுக்குத் தள்ளியது. கிளி இனங்களிடையே எச்சத்தாலும் இறகுத்தூளாலும் பரவும் இந்நோய், பறவை வணிகத்துடன் நாடு நாடாகச் சென்றது என்பது இன்று ஐயமின்றி ஏற்கப்படுகிறது.

சீஷெல்ஸ் நாடு காத்திருக்கவில்லை. அதன் தேசியப் பறவையான கருங்கிளி பிராலின் தீவில் மட்டுமே வாழ்வது. அருகிலுள்ள மாஹே தீவில் தப்பிப் பெருகிய செந்தார்ப் பைங்கிளிகள் கடல் கடந்து அங்குச் செல்லுமுன் ஒழிக்க முடிவாயிற்று. சில ஆண்டுகள் நீடித்த நடவடிக்கையில் 548 கிளிகள் கொல்லப்பட்டன; கடைசிக் கிளி 2017இல் வீழ்ந்தது. ஹவாயின் கவாய் தீவு தாமதித்தது. 1960களில் தப்பிய சிலவற்றிலிருந்து 2018இல் அங்குச் சுமார் 6,800 கிளிகள் பெருகி, பழத்தோட்டங்களுக்கும் விதைச்சோளப் பண்ணைகளுக்கும் தலைவலியாயின. இன்று சீஷெல்ஸ் செய்ததைக் கவாய் செய்ய முயன்றால் செலவும் உயிர்ப்பலியும் பன்மடங்காகும்.

தமிழர்கள் மிகுதியாக வாழும் சிங்கப்பூரிலும் இத்தகைய கதை உண்டு. அங்கே செந்தார்ப் பைங்கிளியுடன், நெஞ்சில் சிவப்பு படர்ந்த மற்றோர் ஆசியக் கிளி இனமும் குடியேறி, தீவுக்குச் சொந்தமான நீள்வால் கிளியுடன் இடத்துக்குப் போட்டியிடுகிறது.

நம் நாட்டுப் பறவைகள் வெளியே சென்று தொல்லையாவது கிளியுடன் முடியவில்லை என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. ஐயுசிஎன் அமைப்பு தொகுத்த, உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்ற பறவைகள் மூன்றே. அவற்றில் இரண்டு, நம் வீட்டு முற்றத்து மைனாவும் செம்புழைக் கொண்டைக்குருவியும். கிளி அப்பட்டியலில் இல்லை.

வித்துராவில் எழும் கேள்வி

தாயகத்தில் நிலைமை நேர்மாறானது. இந்தியாவில் உள்நாட்டுப் பறவைகளின் வணிகம் 1990-91இல் முற்றாகத் தடை செய்யப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டுக் கூண்டில் வளர்ப்பதும் குற்றம். கிளி ஜோதிடர்களின் கூண்டுக்கும் விலக்கில்லை. ஆயினும் பட்ட தென்னையில் ஏறிப் பொந்திலிருந்து குஞ்சுகளை எடுப்பதும், சந்தைகளில் மறைத்து விற்பதும் நிற்கவில்லை. இந்தியாவுக்குரிய 12 கிளி இனங்களில் எட்டு இனங்கள் சட்டவிரோத வணிகத்தில் தொடர்ந்து காணப்படுவதாக, வனவுயிர் வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் அமைப்பு தெரிவித்துள்ளது. பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையோ, ஏனைய எல்லாக் கிளிகளையும் பட்டியலிட்டுவிட்டு, செந்தார்ப் பைங்கிளி உட்பட நான்கே இனங்களுக்கு விலக்களித்துள்ளது. வெளிநாடுகளில் அது அவ்வளவு மலிந்துவிட்டது.

பறிமுதல் செய்யப்படும் கிளிகளை எங்கே விடுவது என்பதில்தான் வெளிநாட்டு அனுபவம் வித்துரா போன்ற இடங்களுக்கு நேரடியாகப் பயன்படும். நகரில் மீட்கப்பட்ட பறவைகளை 'காட்டில் விட்டோம்' என்பது கேட்க நல்ல செய்தி. ஆனால் நாட்டுத்தத்த காட்டுப் பறவையன்று. தோப்பும் வயலுமே அதன் இடம். சமவெளிக் கிளிகளை, அதிலும் வட இந்தியாவிலிருந்து கடத்திவரப்பட்டவற்றை, பேப்பாறை போன்ற காட்டின் ஓரத்தில் திறந்துவிட்டால் அவையும் பொந்துதான் தேடும். மலபார்க் கிளியும் பூந்தத்தயும் நம்பியிருப்பதும் மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுச்சென்ற அதே பொந்துகளையே. சந்தைக் கூண்டில் பல இனங்களுடன் அடைபட்ட பறவை அலகு-இறகு நோயையும் உடன் கொண்டுவரலாம்; மொரீசியசில் நேர்ந்தது இங்கே, உலகில் வேறெங்கும் இல்லாத ஓர் இனத்துக்கு நேரும் வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது. பறிமுதலான உயிரினங்களைக் கையாள ஐயுசிஎன் 2019இல் வெளியிட்ட நெறிமுறைகள், பறவையின் பூர்வீகமும் நோய்நிலையும் அறியாமல் திறந்துவிடுவதை ஏற்பதில்லை.

மற்றொரு கவலை எதிர்த்திசையிலிருந்து வருகிறது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வெளிநாட்டுக் கிளிகளை வளர்ப்போர் பெருகிவிட்டனர். கடைகளில் குவாக்கர் என்ற பெயரில் விற்கப்படும் தென் அமெரிக்கத் துறவிக் கிளி இவற்றுள் கவனிக்க வேண்டியது. அதற்குப் பொந்தே தேவையில்லை. சுள்ளிகளை அடுக்கித் தானே பெருங்கூடு கட்டி, பல இணைகள் ஒரே கூட்டில் வெவ்வேறு அறைகளில் வாழும். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் 12,000க்கும் மேல் பெருகியதால் அவற்றைக் குறைக்க மாநகராட்சி 2019இல் திட்டம் அறிவிக்க நேர்ந்தது. வளர்க்க முடியாமல் 'பாவம், பறந்து போகட்டும்' எனக் கூண்டைத் திறப்பவர் பிரஸ்ஸல்ஸ் பூங்கா நிர்வாகம் செய்ததையே செய்கிறார்.

இதற்கான சட்ட ஏற்பாடு அண்மைக்காலத்தில்தான் உருவானது. வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வளர்ப்பு, பெருக்கம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளித்தது. சைட்ஸ் பட்டியலில் உள்ள வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போர் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்ற விதிகள் 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டன. 'லவ் பேர்ட்ஸ்' எனப் பரவலாக அழைக்கப்படும் பட்ஜெரிகரும் காக்கட்டீலும் சைட்ஸ் விலக்குப் பட்டியலில் இருப்பதால் இவ்விதிகளுக்குள் வரவில்லை. வீடுகளில் மிகுதியாக வளர்க்கப்படுபவை இவ்விரண்டே.

வித்துரா வட்டாரத்தில் பனிக்காலம் முடியும் தறுவாயிலிருந்து கோடை மழை வரை கிளிகள் குஞ்சு பொரிக்கும் பருவம். ரப்பர் தோட்டங்களில் பொந்து விழும் முதிய மரங்கள் நிற்பதில்லை. பட்ட தென்னையும் விறகுக்கோ பாதுகாப்புக்கோ வெட்டப்பட்டுவிடும். வீட்டின் மீது சாயும் அபாயமில்லாத பட்ட தென்னையை அம்மாதங்கள் கழியும் வரை விட்டுவைத்தால், அதே பொந்தில் கிளிக்குப் பின் மைனாவும் அதன்பின் புள்ளி ஆந்தையும் குடியேறுவதைக் காணலாம். கீழே விழுந்த குஞ்சைக் காண்போர் அதை வீட்டில் வளர்க்கவோ வேறிடம் கொண்டுசென்று விடவோ கூடாது. அருகிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். இறகு முளைத்துத் தத்திப் பறக்கும் குஞ்சாயின், அருகிலுள்ள கிளையில் ஏற்றிவிட்டு விலகி நின்றால் தாய்ப்பறவை இரையுடன் தானே வந்து சேரும்.